மாற்று எஞ்சினை எடைபோட்ட காலம்

மண்ணெண்ணெயில் கழுவிய வார்ப்பிரும்பின் மணமும் அதனோடு கலந்த கருகிய எஞ்சின் ஆயிலின் காரமும், 1970-களிலும் 80-களிலும் தமிழ்நாட்டு நகரங்களின் லேத் பட்டறைகளை அறிந்திருந்தவர்களுக்கு, ஹெட் கழற்றிய அம்பாசடர் கார்கள் வரிசையாக நின்ற வாசல்களையும், பனியன் வேஸ்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து கார் உரிமையாளரின் முகத்தைப் பார்த்த மேஸ்திரிகளையும் இன்றும் நினைவில் எழுப்பக்கூடியவை. அந்த வாசல்களில் அன்றாடம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: தேய்ந்த எஞ்சினை இறக்கி அங்கேயே வேலை செய்வதா, அல்லது எங்கோ ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரியாகச் செய்து அனுப்பப்படும் மாற்று எஞ்சினை வாங்கிப் பொருத்துவதா என்பதே அது. இக்கேள்விக்கு அன்றைய மேஸ்திரிகள் விடை தேடிய முறையில், பெருமளவு உற்பத்தியாகும் ஒரு பொருளின் தரத்தை எப்படி எடைபோடுவது என்பது பற்றிய முழுமையான அறிவு ஒன்று இருந்தது. அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, அளவுக்கருவிகளைப் பிடித்த கைகள் வழியாகவே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

அம்பாசடர் காரின் எஞ்சின் இந்த அறிவை வளர்ப்பதற்கு ஏற்ற பாடநூலாக அமைந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1950-களின் பிற்பகுதியில் இக்காரைத் தயாரிக்கத் தொடங்கியபோது அதில் 1476 சிசி பக்கவால்வு எஞ்சின் இருந்தது. 1959-இல் அதற்குப் பதிலாக, வால்வுகள் சிலிண்டருக்கு மேலே ஹெட்டில் அமைந்த 1489 சிசி எஞ்சின் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் பல கார்களில் பயன்படுத்திய பி-வரிசை எஞ்சின் அது. நான்கு சிலிண்டர், 73.025 மில்லிமீட்டர் விட்டம், 88.9 மில்லிமீட்டர் ஓட்டம், கிராங்க்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள், தடித்த வார்ப்பிரும்பு பிளாக் என அமைந்த அந்த எஞ்சின் பல்லாண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்ததால், சிற்றூர்ப் பட்டறையில்கூட அதன் ஒவ்வோர் அளவும் மேஸ்திரிகளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஒரு பொருள் மாறாமல் நீண்ட காலம் இருக்கும்போதுதான் அதைப் பழுதுபார்ப்பவர்களின் அறிவு ஆழப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

வண்டி புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை என்ற முறையீட்டோடு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கோயம்புத்தூர்ப் பட்டறைக்கு வந்தால், அடுத்த நாள் காலை எஞ்சின் இறங்கி, ஹெட் கழன்று, பிளாக் ஒரு மரமேடையின் மேல் நிமிர்ந்திருக்கும். மூத்த மேஸ்திரி முதலில் கருவியைத் தொடமாட்டார். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுப்பார். நகம் தடுக்கினால் அங்கே மேடு ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள். பிஸ்டனின் முதல் ரிங் திசைமாறும் அந்த இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய்ப் படலம் மிகக் குறைவு. ஆதலால் சிலிண்டர் அங்கே அதிகம் தேய்கிறது, ரிங் எட்டாத மேல் விளிம்போ பழைய அளவிலேயே நின்று மேடாகத் தோன்றுகிறது. அதன் பிறகுதான் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் உள்ளே இறங்கும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலுமாக அளவு எடுக்கப்படும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் சிலிண்டர் முட்டை வடிவம் கொள்ளும் என்பதே இந்த இரட்டை அளவுக்குக் காரணம். எடுத்த எண்களைச் சாக்பீஸால் பிளாக்கின் பக்கத்திலேயே எழுதிவிட்டு, “பத்து தவ் தின்னிருக்குங்க, பாருங்க” என்று கருவியை உரிமையாளரிடமே நீட்டும் வழக்கம் இருந்தது.

தவ் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர், பட்டறைப் பேச்சில் அதுவே நீளத்தின் அடிப்படை அலகாக இருந்தது. தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைந்து வட்டமாக்குவதைப் போர் செய்தல் என்றார்கள். அந்த அகலத்துக்கு ஏற்ப 10, 20, 30, 40 தவ் என்று படிப்படியாகப் பெருத்த ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கடைகளில் கிடைத்தன. 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றைப் பெருமளவில் தயாரித்தன. நாற்பதும் தாண்டிவிட்டால், மெல்லிய இரும்புக் குழாயான லைனரை அழுத்திப் பொருத்தி, அதன் உட்புறத்தைத் தொடக்க அளவுக்கே மீண்டும் குடைந்து, பிளாக்குக்கு இன்னொரு பிறவி கொடுத்தார்கள்.

தரத்தைத் தீர்மானித்தது குடைவு அல்ல, அதற்கு அடுத்து வந்த இரண்டு வேலைகளே என்பதை அந்தப் பட்டறைகளில் பழகியவர்கள் ஐயமின்றிச் சொல்வார்கள். முதலாவது ஹோனிங்: சாணைக்கற்கள் பொருத்திய சுழலும் கருவியை மேலும் கீழுமாக ஓட்டிச் சிலிண்டர்ச் சுவரில் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகளை வரைதல். கோடுகள் மிக மென்மையாக இருந்தால் எண்ணெய் தங்காது, ரிங்குகள் படிய மறுக்கும். கரடுமுரடாக இருந்தால் ரிங்குகளே அராவப்பட்டுவிடும். இரண்டாவது கழுவுதல், வெளியார் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றிய வேலை. ஹோனிங் கல்லின் துகள்கள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பதிந்துகொள்ளும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ அவற்றை முழுமையாக வெளியேற்றாது. ஆகவே கொதிநீரும் சோப்புமாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்துச் சிலிண்டருக்குள் சுற்றி எடுத்து, துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரையில் மறுபடியும் மறுபடியும் கழுவ வேண்டும். பழைய வேட்டித் துண்டோடு இந்த வேலையில் அமர்த்தப்பட்ட சிறுவர்கள் பொறுமையிழந்து பாதியில் நிறுத்த முயன்றால், மேஸ்திரி ஒன்றும் பேசாமல் தம் விரலைச் சிலிண்டருக்குள் விட்டு எடுத்து, அந்த விரலைச் சிறுவனின் சட்டையில் துடைத்துக் காட்டுவார். கறை தெரிந்தால் வேலை தொடரும். கிராங்க் வேலையிலும் இதே கண்டிப்புத்தான். கிராங்க்கின் தாங்குபரப்பைச் சாணை பிடித்துச் சிறுத்த அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ற பேரிங்குகளைப் பொருத்துவது எளிது. அந்தப் பரப்பு பக்கச்சுவரோடு சேரும் மூலையில் இருக்கும் வளைவை அழியாமல் காப்பதே கடினம். அந்த வளைவு கூர்மையான மூலையாக மாறிவிட்டால் விசை முழுவதும் அங்கே குவிந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் கிராங்க் இரண்டாக முறியும்.

இத்தகைய கைவேலைக்கு நடுவில்தான் தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வரும் எஞ்சின் ஒரு மாற்றாக நுழைந்தது. தமிழ்நாட்டுக்கு அது முற்றிலும் புதிதுமன்று. 1950-களிலேயே சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் வடிவமைப்பில் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆறு சிலிண்டர் கொண்ட, 4.7 லிட்டர் கொள்ளளவுள்ள பி6 எஞ்சின், பெட்ரோல் குடித்துச் செலவு வைத்த பழைய லாரிகளில் மூல எஞ்சினை அகற்றிவிட்டுப் பொருத்தப்பட்டது. அம்பாசடரிலும் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துவது டாக்ஸிக்காரர்களின் பெருவிருப்பமாக இருந்தது. தொழிற்சாலையே 1489 சிசி டீசல் எஞ்சினையும், 1990-களில் ஜப்பானின் இசுசு வடிவமைப்பிலான 1817 சிசி பெட்ரோல் எஞ்சினையும் இக்காருக்கு வழங்கியபோது, பழைய வண்டிக்குப் புதிய எஞ்சின் என்ற எண்ணம் மேலும் வலுப்பட்டது.

மரப்பெட்டியில் மெழுகுத்தாள் சுற்றி, துருப்பிடிக்காமலிருக்க கிரீஸ் பூசி வந்த எஞ்சின் பட்டறையில் இறங்கும் நாள், சுற்றுவட்டாரத்து ஓட்டுநர்கள் எல்லாரும் கூடும் நாளாக இருந்தது. பளபளக்கும் வண்ணப்பூச்சைப் பார்த்து வியந்தவர்களின் பேச்சில் கலந்துகொள்ளாமல், மேஸ்திரி எஞ்சினைத் திருப்பி, ஆயில் தேங்கும் அடிப்பகுதியான சேம்பரைக் கழற்றச் சொல்வார். புதிய எஞ்சினைப் பிரிப்பதா என்று உரிமையாளர் பதறுவது இயல்பு. ஆனால் தரத்தை எடைபோடுவதற்கு அதுவே சரியான இடம். சேம்பரின் அடியில் உலோகப் பொடியோ வார்ப்பு மணலோ இருக்கிறதா, பேரிங் மூடிகளின் மேல் இருக்கும் எண்கள் வரிசையாக அமைந்திருக்கின்றனவா, போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் சறுக்கிய தழும்பு உண்டா, ஒரு மூடியைக் கழற்றினால் பேரிங் பரப்பில் அடுத்தடுத்த கீறல்கள் தெரிகின்றனவா என்று அவர் பார்ப்பார். வெளியூர் நிறுவனம் ஒன்று புதுப்பித்து அனுப்பிய எஞ்சினில் ஒருமுறை, விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கும் நுண்பொடி சேம்பரின் மூலையில் படிந்திருந்தது. அதைக் கண்டவுடன் மேஸ்திரி முழு எஞ்சினையும் பிரித்துக் கழுவி மறுபடி பூட்டினார், அதற்காகும் கூலி தேவையற்றது என்று வாதிட்ட உரிமையாளரிடம் அந்தப் பொடியைத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அந்த முடிவு சரியானது. ஹோனிங் துகள் ஒரு சிட்டிகை போதும், ரிங்குகளையும் பேரிங்குகளையும் ஒருசேர அழித்துவிடும்.

இதே பி-வரிசை எஞ்சின் அதன் பிறந்த நாட்டில் எவ்வாறு மாற்றப்பட்டது என்பது ஒப்பிட்டு அறியத்தக்கது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கோல்டு சீல் என்ற பெயரில், தொழிற்சாலை முறையில் புதுப்பித்த எஞ்சின்களைத் தன் விற்பனையாளர்கள் வழியாக வழங்கியது. தங்க வண்ணம் பூசிய அந்த எஞ்சினை வாங்குபவர் தம் பழைய எஞ்சினை ஒப்படைக்க வேண்டும். இப்படித் திரும்பப் பெறப்படும் பழைய எஞ்சினுக்குக் கோர் என்று பெயர். அதுவே அடுத்த சுற்றுக்கு மூலப்பொருள். அமெரிக்காவில் இத்தொழில் இன்னும் விரிந்தது. இந்தியானா மாநிலத்தில் 1942-இல் தொடங்கப்பட்ட ஜாஸ்பர் நிறுவனம் போன்றவை பல கார் நிறுவனங்களின் எஞ்சின்களைப் புதுப்பித்து விற்றன. ஜெனரல் மோட்டார்ஸ், 1955-இல் அறிமுகமான தன் செவ்ரோலே வி-8 எஞ்சின் வரிசையின் 5.7 லிட்டர் வடிவத்தை மெக்சிகோவின் டொலூக்கா நகரில் புதிதாகவே தயாரித்து, குட்ரெஞ்ச் என்ற பெயரில் பெட்டியில் அடைத்து விற்றது. இவ்விரு வகையும் ஒன்றல்ல. புதிதாக வார்க்கப்பட்ட எஞ்சினில் எல்லாப் பகுதிகளும் ஒரே தொடக்க நிலையில் இருக்கும். புதுப்பிக்கப்பட்ட எஞ்சினிலோ ஒவ்வொரு பிளாக்கும் ஒவ்வொரு வாழ்க்கை வாழ்ந்து வந்தது, ஒன்று அதிக வெப்பத்தில் வளைந்திருக்கும், இன்னொன்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும். ஆகவே காந்தப்புலமும் இரும்புத்தூளும் கொண்டு விரிசலை வெளிப்படுத்தும் சோதனையும், நீர்வழிகளில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனையும் ஒவ்வொரு கோருக்கும் தவறாமல் செய்யப்பட்டனவா என்பதே புதுப்பித்த எஞ்சினின் தரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெருமளவு உற்பத்தி தரத்தைக் குறைக்கிறது என்று பழைய மேஸ்திரிகள் சிலர் பொதுவாகக் கூறியதை முழுமையாக ஏற்க இயலாது. ஹெட்டை முறுக்கிப் பூட்டும்போது சிலிண்டர்கள் நுண்ணளவில் உருக்குலையும் என்பதை அறிந்து, ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தட்டைப் பூட்டி அந்த இறுக்கத்திலேயே ஹோனிங் செய்யும் முறை, அன்றைய சிறு பட்டறைகளின் வசதிக்கு எட்டாதது. சுடுநீர்த் தாரையில் கழுவும் இயந்திரம் சலித்துப்போகும் சிறுவனைப் போலப் பாதியில் நிறுத்துவதில்லை. ஆனால் தொழிற்சாலையில் ஒரு பிழை நேர்ந்தால் அது ஒரு காரோடு நின்றுவிடுவதில்லை. சாணைக்கல் தேய்ந்ததை யாரும் கவனிக்காத அரை நாளில் வெளிவந்த எல்லா எஞ்சின்களிலும் அதே குறை இருக்கும், வாங்குபவரோ தம்முடையதை மட்டுமே பார்க்கிறார். லேத் பட்டறையில் அளவெடுப்பது உரிமையாளரின் கண்முன் நடந்தது. பெட்டியில் வந்த எஞ்சினில் அந்த அளவுகள் யாரோ ஒருவருடைய பதிவேட்டில் இருந்தன, பல வேளைகளில் எங்கும் இல்லாமலும் இருந்தன. இந்த ஒரு வேறுபாடே அன்றைய தயக்கத்தின் வேர் என்று கொள்ளலாம், அந்தத் தயக்கம் நியாயமானது.

மாற்று எஞ்சின்கள் கெட்ட பெயர் எடுத்ததற்கு அவற்றின் தரத்தோடு தொடர்பில்லாத காரணமும் உண்டு. பொள்ளாச்சிச் சாலையில் டாக்ஸி ஓட்டிய ஒருவர், சூடேறிப் பிடித்துக்கொண்ட எஞ்சினுக்குப் பதிலாகத் தயார் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தி, சில மாதங்களிலேயே அதையும் இழந்து, விற்றவர்களை ஊரெல்லாம் தூற்றினார். பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றி நீர் ஊற்றிப் பார்த்தபோது, அதன் குழாய்களில் பாதி உப்புப் படிந்து அடைபட்டிருந்தது தெரிந்தது. முதல் எஞ்சினைக் கொன்ற அதே காரணம், தொடப்படாமல் காத்திருந்து இரண்டாவதையும் கொன்றிருந்தது. மேலைநாட்டுப் புதுப்பிப்பாளர்கள் இத்தகைய பூசல்களைத் தவிர்ப்பதற்காகவே எஞ்சின் பிளாக்கில் சிறிய உலோக வில்லை ஒன்றை ஒட்டி அனுப்புகிறார்கள். ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும், உருகியிருந்தால் உத்தரவாதம் செல்லாது. கடுமையான ஏற்பாடாகத் தோன்றினாலும், எஞ்சினின் குறையையும் வண்டியின் குறையையும் பிரித்தறிய அது உதவுகிறது.

எஞ்சின் பூட்டி முடிந்த நாளின் சடங்குகள் இன்றைய தலைமுறைக்குப் புதுமையாக இருக்கும். பிளாக்கில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகே ஸ்டார்ட் செய்வார்கள். ஆயில் அழுத்தக் காட்டி உயர்வதைப் பார்க்கும் வரை எவரும் பேசமாட்டார்கள். கேம் ஷாஃப்ட்டின் மேடுகளும் அவற்றின் மேல் உராயும் டேப்பெட்டுகளும் ஒன்றோடொன்று பதப்படுவது அந்த முதல் சில நிமிடங்களில்தான் என்பதால், எஞ்சினை மந்தமாக உறுமவிடாமல் சற்று விரைவான சீரான சுழற்சியில் வைத்திருப்பார்கள். அதன் பின் ரன்னிங் இன் என்னும் பழக்கும் காலம் தொடங்கும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை மணிக்கு ஐம்பதைத் தாண்டக்கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக்கூடாது, பளு ஏற்றக்கூடாது என்ற கட்டளைகளை ஓட்டுநர்கள் விரதம்போல் கடைப்பிடித்தார்கள். புதிதாகப் போர் செய்த வண்டியில் சவாரி செய்பவர்கள் அவசரப்படுத்தினால், எஞ்சின் வேலை செய்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்று ஓட்டுநர் பெருமையோடு சொல்லித் தம் வேகத்திலேயே செல்வார்.

1983-இல் மாருதி 800 வந்ததும் பட்டறைகளின் கணக்கு மாறத் தொடங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி கொண்ட அந்தச் சிற்றெஞ்சினின் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் வந்தன. தவ்வில் சிந்தித்த கைகள் மில்லிமீட்டருக்குப் பழக வேண்டியிருந்தது. பின்னர் வந்த அலுமினிய பிளாக்குகளில் இரும்பு லைனர் வார்ப்பின்போதே மெல்லியதாகப் பதிக்கப்படுவதால், பலவற்றைக் குடைவதற்கு உற்பத்தியாளரே இடம் தருவதில்லை. அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. இன்று பெரும்பாலான சேவை நிலையங்களில் எஞ்சின் இறங்கினால், பிஸ்டனும் கிராங்க்கும் ஏற்கெனவே பூட்டப்பட்ட பிளாக், அதாவது ஷார்ட் பிளாக், நிறுவனத்திடமிருந்து பெட்டியில் வருகிறது. பட்டறை பழைய ஹெட்டையோ புதிய ஹெட்டையோ அதன் மேல் பூட்டித் தருகிறது. பிளாக் மாறும்போது அதில் பொறித்த எஞ்சின் எண்ணும் மாறுவதால், ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பதிவு செய்ய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்; இதை மறந்துவிட்டு வண்டியை விற்கும் வேளையில் தவித்தவர்கள் ஏராளம்.

அளவெடுக்கும் மேடை மறைந்துவிட்ட இன்றைய சூழலிலும், அந்தப் பட்டறைகளில் வளர்ந்த மெக்கானிக்குகள் பெட்டியில் வரும் எஞ்சினை அப்படியே நம்பிவிடுவதில்லை. பொருத்துவதற்கு முன் ரேடியேட்டரையும் ஆயில் செல்லும் வழிகளையும் கழுவச் சொல்கிறார்கள், பழைய எஞ்சின் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் புதியதைப் பூட்ட மறுக்கிறார்கள். உத்தரவாதத் தாளில் கிலோமீட்டர் எண்ணைவிட, கழற்றிப் பூட்டும் கூலியையும் அது ஏற்கிறதா என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, அவற்றுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லை என்பதைக் குறித்துவைக்கிறார்கள். அந்தக் குறிப்பு பிற்காலத்தில் எழும் எந்தப் பூசலுக்கும் சாட்சியாகிறது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றும்போது, கழற்றிய ஆயில் ஃபில்டரைக் குப்பையில் போடாமல், அதன் தகட்டை அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பார்க்கிறார்கள். ஆங்காங்கே வெள்ளியாக மின்னும் சில துகள்கள் ரிங்குகள் படிவதன் அடையாளம், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செம்பு நிறத்தில் எதுவும் தென்பட்டால் பேரிங்கின் மேற்பூச்சு கரைந்து அடிப்படலம் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள், அந்த எஞ்சின் அன்றே இறங்க வேண்டும்.